நாக்கு யாருடையது, மைக் யாருடையது? – கணக்குப்பிள்ளை பதில்கள்

தேர்தல் வாடை அடிக்க ஆரம்பித்தால் என் தபால்பெட்டி இப்படித்தான் ஆகும். ஓய்வூதியம், வாடகை வருமானம், செத்துப்போனவர் கணக்கை மூடுவது எல்லாம் ஓரமாய்ப் போய், கோயிலும் சபையும் கட்சியும் முன்வரிசைக்கு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாற்பது வருஷம் அடுத்தவர் வரிக்கணக்கை எழுதினவன் நான். அதில் பதினெட்டு வருஷம் ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் பொருளாளர். என் மனைவியின் வீட்டார் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஆகவே உண்டியல் சத்தமும் தெரியும், காணிக்கைப் பை கைமாறும் சத்தமும் தெரியும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி: ஐயா, போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகர் ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி, தேவனுடைய பிள்ளைகள் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றார். பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். இப்படிப் பேசினால் சபையின் வரிவிலக்கே போய்விடும் என்கிறார் என் மருமகன். அவர் எதிலும் குற்றம் பார்க்கிறவர். இது உண்மையா?

மருமகனை இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் அம்மா, அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நம் நாட்டில் கோயில், சபை, மசூதி எல்லாம் வருமான வரியிலிருந்து தப்பிப்பது 1962-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவால். அதன்படி 'பொதுநலன் அமைப்பு' என்று நம் வரித்துறையான சார்ஸிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கீகாரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அதில் ஒன்று: எந்த அரசியல் கட்சியையும் ஆதரிக்கவோ, வளர்க்கவோ, எதிர்க்கவோ அந்த அமைப்பு தன் வளங்களை நேராகவோ சுற்றுவழியிலோ பயன்படுத்தக் கூடாது.

எழுதினவன் கெட்டிக்காரன். 'பேசக் கூடாது' என்று எழுதவில்லை, 'வளம்' என்று எழுதியிருக்கிறான். உங்கள் போதகர் சனிக்கிழமை சாயங்காலம் தன் சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய், தன் பெயரில் பேசினால் அது அவர் பாடு. அவரும் குடிமகன்தான். ஞாயிற்றுக்கிழமை சபையின் மேடையில், சபையின் மைக்கில், கரண்ட் போனால் சபையின் ஜெனரேட்டரில், சபையின் வாட்ஸ்அப் குழுவில் என்றால் கணக்கு வேறு. நாக்கு அவருடையது, மைக் உங்களுடையது. உங்கள் காணிக்கையில் வாங்கினது.

அதற்காக நாளைக் காலையே சார்ஸ் கதவைத் தட்டும் என்று பயப்பட வேண்டாம். மீறல் பெரியதாகவோ திரும்பத் திரும்ப நடப்பதாகவோ இருந்தால் முதலில் நோட்டீஸ் வரும். திருத்திக்கொள்ளக் கெடு கொடுப்பார்கள். கெடுவுக்குள் திருந்தாவிட்டால்தான் அங்கீகாரம் போகும். ஒரு ஞாயிறு வாய்தவறியதற்கும், தேர்தல் முடியும்வரை வாராவாரம் அதையே பிரசங்கமாக வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மூப்பர்கள் யாராவது ஒருவர் போதகரைத் தனியாகக் கூப்பிட்டு, டீ கொடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். இதைக் காட்டி, 'சபையில் அரசியலே பேசக் கூடாது' என்று உங்கள் மருமகன் அடுத்த படி ஏறினால் ஏறவிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நகராட்சி ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று மேடையில் கேட்பது கட்சிப் பிரசாரம் இல்லை. லஞ்சம் பாவம் என்பதும் அப்படித்தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சபையின் பணத்தைப் பிடித்து அதன் வாயை அடைக்கிற வேலையை இந்த நாடு முன்பே பார்த்திருக்கிறது. பையர்ஸ் நௌடே என்ற பாதிரியார் நடத்திய கிறிஸ்டியன் இன்ஸ்டிட்யூட் நிறவெறியை எதிர்த்துப் பேசியது. 1974-இல் ஒரு சட்டம் வந்தது; 1975-இல் அதன் கீழ் அந்த அமைப்பை அறிவித்து, வெளிநாட்டு நன்கொடை எதுவும் வரக் கூடாது என்று குழாயை மூடினார்கள். 1977 அக்டோபரில் அமைப்பையே தடை செய்தார்கள். டெஸ்மண்ட் டூட்டூ பொதுச்செயலாளராக இருந்த தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் கவுன்சிலின் வரவுசெலவைக் குடைய 1981-இல் எலாஃப் கமிஷன் போட்டார்கள். அதே காலத்தில், நேஷனல் கட்சி ஆட்சிக்கு வேதவசனம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த டச்சுச் சீர்திருத்தச் சபையை ஊர் 'ஜெபம் பண்ணும் நேஷனல் கட்சி' என்றே கேலி செய்தது. அதன் கணக்கைக் குடைய எந்தக் கமிஷனும் போகவில்லை.

ஆகவே விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது விதி. உங்கள் போதகர் உங்களுக்குப் பிடித்த கட்சியின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்குமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டுப் பார்த்தேன்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு இளைஞர்: கடவுளுக்கு எதற்கு வரிவிலக்கு? என் அப்பா பேக்டரியில் ஷிப்ட் முடித்து வருவதற்குள் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருமுனைப் போதகர் ஜெர்மன் கார் ஓட்டுகிறார்.

தம்பி, உன் கேள்வி பழைய கேள்வி. தமிழில் அதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: இறையிலி. வரி இல்லாத நிலம் என்று அர்த்தம். சோழர் கல்வெட்டைப் புரட்டினால் தேவதானம் (கோயிலுக்கு விட்ட நிலம்), பள்ளிச்சந்தம் (சமண, புத்தப் பள்ளிக்கு விட்ட நிலம்) என்று பக்கம் பக்கமாய் வரும். வேடிக்கை பார், 'இறை' என்றால் கடவுள், 'இறை' என்றால் அரசன், 'இறை' என்றால் வரி. மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்க்கிற வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்கள். ராஜராஜன் சிவபக்தன். ஆனாலும் நாகப்பட்டினத்தில் கடல்கடந்த அரசன் ஒருவன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். தன் சாமிக்கு மட்டும் கொடுத்தால் அது பக்தி. அடுத்தவன் சாமிக்கும் கொடுத்தால்தான் அது ஆட்சி.

டர்பன் இருக்கிற இந்த நேட்டாலில் நம் ஆட்களுக்கு நடந்தது தலைகீழ். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினவன் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்டச் சொல்லி 1895-இல் சட்டம் போட்டார்கள். பிறகு வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதை நீட்டினார்கள். 1913 வேலைநிறுத்தம் நடந்து, 1914-இல்தான் அது ஒழிந்தது. அந்த 3 பவுனை மிச்சம் பிடிக்க முடியாத ஜனங்கள்தான் மண்சுவரும் தகரமுமாய் நம் முதல் கோயில்களைக் கட்டினார்கள். அந்தக் கோயில் வாசலில் வரிக்காரன் நிற்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். இது கணக்கன் பேச்சு இல்லை, பேரன் பேச்சு.

இனிக் கணக்கன் பேச்சு. விலக்கு சபைக்குத்தான், போதகருக்கு இல்லை. அவர் வாங்குகிற சம்பளத்துக்கு உன் அப்பாவைப் போலவே வரி உண்டு. சம்பளம் வேலைக்குப் பொருத்தமில்லாமல் அதிகமாக இருக்கக் கூடாது என்பதும் அங்கீகாரத்தின் நிபந்தனை. ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். ஒரே ஆள் எல்லா முடிவையும் எடுக்கக் கூடாது. தலைவர் புருஷன், செயலாளர் பெண்டாட்டி, பொருளாளர் மச்சான் என்று நடக்கிற இடங்களை நீயும் பார்த்திருப்பாய், நானும் பார்த்திருக்கிறேன். காரைப் பார்க்காதே, கார் யார் பெயரில் இருக்கிறது என்று கேள். அதைவிட, கடைசி வருஷத்து வரவுசெலவை உறுப்பினருக்கு வாசித்தார்களா என்று கேள். 2015-இல் பண்பாட்டு, மத உரிமைகளுக்கான ஆணையம் மதத்தை வியாபாரமாக்குவது பற்றி ஊர் ஊராய் விசாரணை நடத்தியபோது சில போதகர்கள் புத்தகத்தைக் காட்ட மாட்டேன் என்று வரிந்துகட்டினார்கள். சாமிக்குப் பயப்படுகிறவன் ஆடிட்டருக்கு ஏன் பயப்படுகிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நகராட்சி ரேட்ஸ் தனி. அது 2004-ஆம் வருஷத்துச் சொத்துவரிச் சட்டம். முதன்மையாக வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கு ரேட்ஸ் இல்லை. பூசாரியோ போதகரோ குடியிருக்கிற வீடு சபையின் பெயரில் பதிவாகியிருந்தால் அதற்கும் இல்லை. அவருடைய சொந்தப் பெயரில் இருந்தால் உன் அப்பாவும் அவரும் ஒரே வரிசைதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: கோயில் புதுக் கோபுரத்துக்கு 20,000 ராண்ட் கொடுத்தேன். வரியில் கழிக்கலாமா?

கழிக்க முடியாது. கோயிலுக்கு வரிவிலக்கு இருப்பது ஒன்று. கோயிலுக்குக் கொடுக்கிறவருக்குச் சலுகை கிடைப்பது இன்னொன்று. இரண்டாவது, அதே வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு. மத வழிபாடு அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. அதே கோயில் முதியோர் இல்லமோ ஏழைகளுக்குச் சாப்பாடோ நடத்தி, அதற்குத் தனியாக 18ஏ அங்கீகாரமும் வாங்கியிருந்தால், அந்தக் கணக்கில் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக் கழிக்கலாம். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நான் ஒருமுறை மூக்குடைபட்டிருப்பதுதான் காரணம். பொருளாளரான புதிதில், அச்சடித்த ரசீதுப் புத்தகத்தின் அடியில் 'நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு' என்று நானே ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்தினேன். நாலு பேர் அதை நம்பித் தங்கள் படிவத்தில் போட்டார்கள். நாலு பேருக்கும் தள்ளுபடி ஆகி, பாக்கி கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பாட்டி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராய்ச் சன்னதிக்கு வந்து, அம்மன் முன்னால் வைத்து என்னைக் கூப்பிட்டார். "வாசி" என்றார். வாசித்தேன். அந்த ஸ்டாம்ப் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

லெனேசியா வாசகர்: டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, அங்கே சபை மேடையிலேயே வேட்பாளர் பெயரைச் சொல்லலாம் என்று இப்போது விட்டுவிட்டார்கள் என்கிறான். சரியா?

பாதி சரி. 1954-இல் லிண்டன் ஜான்சன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி, அப்போது செனட்டர், ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வரிவிலக்குப் பெற்ற தர்ம அமைப்புகள் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தேர்தல் வேலை செய்யக் கூடாது என்பது அது. எழுத்தில் கடுமை, நடப்பில் தூக்கம். அதன்படி விலக்கை இழந்த சபை என்று எல்லாரும் காட்டுவது நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் அருகே ஒரு சபையை. 1992 தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் கிளிண்டனுக்கு ஓட்டுப் போடாதே என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். கீழே, நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்றும் போட்டார்கள். என் ரப்பர் ஸ்டாம்ப்பைவிடப் பெரிய ஸ்டாம்ப். 1995-இல் விலக்கு போனது, 2000-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

2025 ஜூலையில் அந்த நாட்டு வரித்துறை டெக்சாஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தன் நிலையை எழுதிக் கொடுத்தது. ஆராதனையின்போது தன் சொந்த மக்களிடம், வழக்கமான வழியில் ஒரு சபை தேர்தலைப் பற்றிப் பேசினால் அதைத் தேர்தல் வேலையாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது; குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது மாதிரி என்று ஒப்புமையும் சொன்னது. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த 'குடும்பப் பேச்சு' வாதம் ஒட்டவில்லை. மூவாயிரம் பேர் உட்கார்ந்து, கேமரா ஓடி, யூடியூபில் போகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் தம்பியின் நியாயத்தை இங்கே கொண்டுவந்து பேசாதீர்கள். நம் சட்டத்தில் இருப்பது 'வளம்' என்ற சொல்.

வெருலம், ஒரு கோயில் கமிட்டி உறுப்பினர்: எங்கள் வார்டில் நிற்கப்போகும் ஒருவர் மண்டபத்தையும் நாற்காலிகளையும் ஒரு நாள் இலவசமாகக் கேட்கிறார். பதிலுக்குச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துத் தருவாராம். "நம்ம பையன்தானே" என்கிறார் தலைவர். என்ன செய்யலாம்?

இந்தக் கடிதத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். 'நம்ம பையன்தானே' என்ற அதே வார்த்தை. என் கதையைக் கேளுங்கள்.

2011 உள்ளாட்சித் தேர்தல் மே 18-இல். அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 22. இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியன்றுதான். கரும்புத் தோட்டத்தில் துரை விடுமுறை விட்டது கிறிஸ்துவுக்காக. அந்த விடுமுறையில் நம் ஆட்கள் அம்மனுக்குத் தீ மிதித்தார்கள். இன்றுவரை அப்படியே. அதனால் பெரிய வெள்ளிக்குப் பிறகு கோயிலில் கூடாரம், நாற்காலி, அண்டா எல்லாம் தயாராய் இருக்கும். வேட்பாளர்களின் கண் அதில்தான்.

வந்தார் ஒருவர். நல்ல குடும்பம், அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு அண்டா, ஒரு நாளுக்கு. தலைவர் சரி என்றார், நானும் வாய் திறக்கவில்லை. அது என் தப்பு. நாற்காலி திரும்பி வந்தபோது எண்ணினேன்: நூற்று எண்பத்தேழு. ஓர் அண்டாவின் அடியில் கோழி பிரியாணி தீய்ந்து ஒட்டியிருந்தது. அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டா. அதைப் பார்த்துக் கோயில் பெண்கள் போட்ட சத்தத்தில் தலைவர் இரண்டு வாரம் கோயில் பக்கமே வரவில்லை. முப்பது நாற்காலிகளின் முதுகில் கட்சி ஸ்டிக்கர். பாரஃபின் ஊற்றித் தேய்த்தேன். ஒன்றில் மட்டும் வேட்பாளரின் ஒரு காதும் பாதிச் சிரிப்பும் போகவே இல்லை. இன்றும் ஏதாவது கல்யாணத்தில் யாராவது அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர் வந்தார். "அவருக்குக் கொடுத்தீர்களே" என்றார். கொடுத்தோம். மூன்றாவது கட்சிக்காரருக்குக் கொடுக்க நாற்காலி மிச்சமில்லை. அவர் ஊர் முழுக்க, கோயில் கட்சி சார்ந்தது என்று சொன்னார். அவர் சொன்னது தப்பு என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டு ரசீது கூட இல்லை.

தேர்தல் முடிந்த வாரம் ஸ்டோர் ரூம் கதவில் பெயிண்ட்டால் எழுதிவைத்தேன். நாற்காலி ஒன்றுக்கு இவ்வளவு, அண்டாவுக்கு இவ்வளவு, மண்டபம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு. கல்யாணமோ கட்சியோ ஒரே ரேட். சாவுக்கு மட்டும் யாருக்கும் காசு இல்லை.

உங்கள் கமிட்டிக்கும் அதையே சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே வாடகை, முன்பே பணம், ரசீது, கட்சிப் பதாகை கோபுரம் தெரிகிற பக்கம் கூடாது. இலவசமாகக் கொடுத்தால் அது கோயிலின் வளம் கட்சிக்குப் போனதுதான். அதோடு, 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் அரசியல் நிதிச் சட்டத்தில், சந்தை விலை வாங்காமல் கொடுத்த இடமும் வசதியும் பொருளாய்க் கொடுத்த நன்கொடைக் கணக்கில் சேரும். வெள்ளையடிப்பு வேண்டாம். சுவர் அழுக்காகவே இருக்கட்டும், தேர்தலுக்குப் பிறகு வந்து அடித்தால் மாலை போடுங்கள்.

"அவர் கட்சி ஆள் இல்லை, சுயேச்சை. வரிச் சட்டத்தில் 'கட்சி' என்றுதானே இருக்கிறது" என்று தலைவர் சந்து தேடுவார். தேடட்டும். கதவில் எழுதின ரேட்டில் சந்து கிடையாது.

வாடகை வாங்கினால் வியாபாரம் ஆகிவிடாதா என்றும் இரண்டாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். வருஷத்தில் வியாபார வகை வரவு 2 லட்சம் ராண்ட், அல்லது மொத்த வரவில் 5 சதவீதம், எது பெரியதோ அதுவரை வரி இல்லை. மொத்த வரவு 9 லட்சம் என்றால் 5 சதவீதம் 45,000தான், ஆகவே உங்கள் வரம்பு 2 லட்சம். மண்டபம் 2,60,000 கொண்டுவந்தால், மேலே இருக்கும் 60,000-க்கு 27 சதவீதம். செலவு கழிக்காமல் பார்த்தால் 16,200. மாமிமார் எப்போதாவது கூடி, கூலி வாங்காமல் சமோசா பொரித்து விற்கிறார்களே, அது இந்தக் கணக்கிலேயே வராது. அவர்களை நிம்மதியாகப் பொரிக்கவிடுங்கள்.

அதே கடிதத்தின் ஓரத்தில், வேறு பேனாவில்: பூசாரிக்கு வீட்டுப் பூஜையில் தட்டில் வைக்கும் தட்சணைக்கு வரி உண்டா?

உண்டு. வேலை செய்து வாங்கினது வருமானம். இந்தப் பக்கத்தைப் பூசாரியிடம் நீங்களே காட்டுங்கள், என்னை இழுக்காதீர்கள். அடுத்த வெள்ளி எங்கள் வீட்டில் பூஜைக்கு அவர்தான் வருகிறார்.